ரேம் கூட்டினால் போதுமா, லேப்டாப்பையே மாற்ற வேண்டுமா? டிசைன் வேலை செய்பவர்கள் முடிவெடுப்பது எப்படி?

முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி. 10-க்கு 20 அடி வரவேற்பு பேனர். மணமக்கள் பெயர் தெலுங்கிலும் வேண்டும், தமிழிலும் வேண்டும். ஃபைலை சேவ் கொடுத்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிரிண்டிங் கடையிலிருந்து போன்: "அண்ணா, ஃபைல் எப்ப வரும்? மெஷின் காலியா நிக்குது."

சித்தூர், திருப்பதி பக்கம் டிசைன் வேலை செய்பவர்களுக்கு இது பழகிய காட்சிதான். மறுநாள் காலையில் எழும் கேள்வியும் பழகியதுதான்: "ரேம் மட்டும் போட்டுப் பார்க்கலாமா, இல்ல இதை எக்ஸ்சேஞ்சில் தள்ளிட்டுப் புதுசு வாங்கிடலாமா?"

ஃப்ளெக்ஸ் பேனரும் கல்யாண ஆல்பமும் செய்பவர், சத்தியவேடு அருகே ஸ்ரீசிட்டி தொழிற்சாலையில் கேட் வரைபடம் போடும் பொறியாளர், நகரியிலோ புத்தூரிலோ வீட்டில் இருந்தபடி சென்னை, பெங்களூரு நிறுவனங்களுக்கு ஆப் வடிவமைக்கும் யுஐ டிசைனர் என்று இங்கே 'டிசைன் வேலை' பல வகை. மூவருக்கும் லேப்டாப் மெதுவாகலாம். ஆனால் காரணம் ஒன்றாக இருக்காது. காரணம் தெரியாமல் போடும் ரேமும் வீண். வாங்கும் புது லேப்டாப்பும் அதே பிரச்சினையோடு வந்து நிற்கலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது? எக்ஸ்சேஞ்ச் உண்மையில் லாபமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இந்தக் கேள்வி இப்போது ஏன்?

இரண்டு காரணங்கள்.

முதலாவது, விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திவிட்டது. தனிநபர் பயனாளர்கள் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை அவகாசம் உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து கணினியின் செட்டிங்ஸை பேக்கப் செய்தால், கட்டணம் இல்லாமலே இதில் சேரலாம்.

விண்டோஸ் 11-க்கு மாற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால், ஒரு சில விதிவிலக்குகள் தவிர, 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் வேண்டும். 7-ஆம் தலைமுறை லேப்டாப்பில் 32 ஜிபி ரேம் போட்டாலும் இந்தக் கதவு திறக்காது.

மேக் வைத்திருப்பவர்களுக்கும் இதே நிலைதான். 2025-இல் வந்த மேக்ஓஎஸ் டஹோ 26-தான் இன்டெல் மேக்குகளில் ஓடும் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது.

இரண்டாவது, ரேம் விலை. ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரி சிப்புகளுக்குத் தேவை பெருகியதால், 2025-இன் கடைசி மாதங்களில் சாதாரண ரேம், எஸ்எஸ்டி விலைகள் உலகம் முழுக்க ஏறின. உலகின் மூன்று பெரிய மெமரி நிறுவனங்களில் ஒன்றான மைக்ரான், 2025 டிசம்பர் 3-ஆம் தேதி, கடைகளில் விற்றுவந்த தன் 'க்ரூஷியல்' பிராண்டையே கைவிடுவதாக அறிவித்தது. இங்கே பலர் லேப்டாப்பில் போட்டிருக்கும் ரேமும் எஸ்எஸ்டியும் அந்த பிராண்டுதான்.

அதனால் "சும்மா ஒரு ரேம் போட்டுப் பாரு தம்பி" என்ற பழைய அறிவுரை இனி மலிவானது அல்ல. புது லேப்டாப்பிலும் அதே சிப்புகள்தான் இருக்கின்றன என்பதால், "சரி, புதுசே வாங்கிடலாம்" என்பதும் சுலபமான பதில் அல்ல.

'ஸ்ரீபெரும்புதூரிலேயே லேப்டாப் தயாராகிறதே, விலை குறையாதா?' என்று கேட்கலாம். ஹெச்பி லேப்டாப்புகள் 2020 முதல் அங்கே தயாராகின்றன என்பது உண்மை. ஆனால் விலையைத் தீர்மானிக்கும் பிராசஸரும் மெமரி சிப்பும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வருகின்றன. உலகச் சந்தையில் ஏறினால் சித்தூரிலும் ஏறும்.

முதல் வேலை: எது இழுக்கிறது என்று பாருங்கள்

செலவில்லாத வேலை இது. வழக்கமாகத் திணறும் அதே ஃபைலைத் திறந்துகொள்ளுங்கள். விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, அரை மணி நேரம் வழக்கம்போல வேலை செய்யுங்கள். திணறும் நேரத்தில் எந்த எண் உச்சிக்குப் போகிறது என்று கவனியுங்கள்.

- மெமரி 90 சதவிகிதத்தைத் தாண்டி அங்கேயே நிற்கிறது என்றால், ரேம் போதவில்லை.
- டிஸ்க் 100 சதவிகிதத்தில் நிற்கிறது, ரேம் மிச்சம் இருக்கிறது என்றால், ஹார்டு டிஸ்க்தான் பிரச்சினை. அல்லது எஸ்எஸ்டி நிரம்பி வழிகிறது.
- சிபியு 100 சதவிகிதம், மற்றவை சும்மா இருக்கின்றன என்றால், பிராசஸர்.
- வீடியோ, 3டி வேலையில் ஜிபியு மெமரி நிரம்புகிறது என்றால், கிராஃபிக்ஸ் கார்டு.
- முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு எல்லாமே மெதுவாகிறது, ஃபேன் கத்துகிறது என்றால், சூடு.

ஃபோட்டோஷாப் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு சோதனை உண்டு. கீழே உள்ள ஸ்டேட்டஸ் பட்டையில் 'எஃபிஷியன்ஸி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 100 சதவிகிதம் காட்டினால் ரேம் போதுமானதாக இருக்கிறது. அதற்குக் கீழே இறங்கினால், ரேம் பற்றாமல் டிஸ்க்கை 'ஸ்கிராட்ச்' இடமாகப் பயன்படுத்துகிறது என்று பொருள். எப்போதும் 100 காட்டும் லேப்டாப்பில் ரேமைக் கூட்டினால் காசுதான் போகும், வேகம் வராது.

லேப்டாப் மேல் குற்றமில்லை, ஃபைல் மேல்தான் என்றால்?

இதைப் பலர் யோசிப்பதில்லை. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

10-க்கு 20 அடி பேனர் என்றால் 120-க்கு 240 அங்குலம். இதை 72 டிபிஐ-யில் திறந்தால் 8,640-க்கு 17,280 பிக்சல். கிட்டத்தட்ட 15 கோடி பிக்சல். சிஎம்ஒய்கே நிறத்தில் ஒரு முழு லேயருக்கு சுமார் 600 எம்பி. 16 ஜிபி ரேம் உள்ள லேப்டாப் இதைச் சமாளிக்கும்.

அதே பேனரை, "குவாலிட்டியா இருக்கட்டும்" என்று 300 டிபிஐ-யில் திறந்தால்? 36,000-க்கு 72,000 பிக்சல். 259 கோடி பிக்சல். ஒரே ஒரு முழு லேயருக்கே 10 ஜிபி-க்கு மேல். 32 ஜிபி ரேமும் சில லேயர்களில் தீர்ந்துபோகும்.

போதாக்குறைக்கு, பிஎஸ்டி ஃபைல் ஒரு பக்கத்துக்கு 30,000 பிக்சல், மொத்தம் 2 ஜிபி என்ற வரம்பைத் தாண்டாது. அதற்கு மேல் பிஎஸ்பி என்ற பெரிய வடிவில்தான் சேமிக்க முடியும்.

தூரத்திலிருந்து பார்க்கும் பேனருக்கு 300 டிபிஐ தேவையில்லை. பல பிரிண்டர்கள் 72 அல்லது அதற்கும் குறைவாகவே கேட்கிறார்கள். உங்கள் பிரிண்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். எழுத்துகளையும் லோகோவையும் கோரல்டிராவிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ வெக்டராக வைத்து, படத்தை மட்டும் ஃபோட்டோஷாப்பில் செய்தால் சுமை இன்னும் குறையும்.

ஆல்பம் அப்படி இல்லை. கையில் வைத்துப் பார்ப்பது என்பதால் 300 டிபிஐ வேண்டும். 12-க்கு 36 அங்குல விரிப்பு ஒன்று 3.9 கோடி பிக்சல். ஆர்ஜிபி-யில் ஒரு முழு லேயருக்கு சுமார் 117 எம்பி. பத்து லேயர் போட்டாலும் 1.2 ஜிபிதான். 16 ஜிபி லேப்டாப் இதற்குப் போதும். ஆனால் பத்து விரிப்புகளை ஒரே சமயத்தில் திறந்து வைத்துவிட்டு, பிரவுசரில் இருபது டேப் ஓட்டினால் எந்த ரேமும் தாங்காது.

எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது?

எஸ்எஸ்டி: பழைய லேப்டாப்பில் இன்னும் ஹார்டு டிஸ்க் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம் என்று சொல்லக்கூடிய ஒரே மாற்றம் இதுதான். ஹார்டு டிஸ்க் நொடிக்கு 100 முதல் 150 எம்பி வரை படிக்கும். சாட்டா எஸ்எஸ்டி சுமார் 550 எம்பி. என்விஎம்இ எஸ்எஸ்டி அதைப் போலப் பல மடங்கு. இருக்கும் எஸ்எஸ்டி நிரம்பிப்போயிருந்தால், புதிது வாங்கும் முன் பழைய வேலைகளை வெளி டிஸ்க்குக்கு மாற்றிப் பாருங்கள். ஸ்கிராட்ச் இடம் கிடைத்தாலே பாதிப் பிரச்சினை தீரலாம்.

ரேம்: டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற இடத்தில் 'சோடிம்' என்று இருந்தால் கழற்றி மாட்டக்கூடிய ரேம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் போர்டிலேயே பற்றவைத்தது, மாற்ற முடியாது. மெல்லிய லேப்டாப்புகளில் வரும் எல்பிடிடிஆர் வகை பெரும்பாலும் இப்படித்தான். ஆப்பிள் எம் வரிசை சிப் உள்ள மேக்புக்குகளில் ரேமைக் கூட்டவே முடியாது.

டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 பொருந்தாது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் ஒரே ஒரு ரேம் மட்டும் இருந்தால், இன்னொன்றைச் சேர்த்து இரண்டாக்கும்போது கிராஃபிக்ஸ் வேகமும் கொஞ்சம் கூடும்.

பேட்டரி, ஃபேன், தெர்மல் பேஸ்ட்: மாற்றலாம். திருப்பதியில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. ஆனால் ஆப்பிள் தன் மேக்புக்குகளுக்குச் சொல்லும் பயன்பாட்டு வெப்பநிலையே 10 முதல் 35 டிகிரிதான். ஏசி இல்லாத அறையில், தூசி அடைத்த ஃபேனோடு, மெத்தை மேல் வைத்து ஓட்டும் லேப்டாப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். புது லேப்டாப்பும் அதே அறையில் அதையேதான் செய்யும். மற்ற எதற்கும் முன்னால் ஒரு சர்வீஸ் செய்து பாருங்கள்.

திரை: நிறம் சரியாக வரவில்லை என்பதற்காக லேப்டாப்பையே மாற்றுபவர்கள் உண்டு. விலை குறைந்த லேப்டாப்புகளில் வரும், '45 சதவிகிதம் என்டிஎஸ்சி' என்று குறிப்பிடப்படும் திரைகள் எஸ்ஆர்ஜிபி நிறங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் காட்டும். பட்டுப்புடவையின் அரக்குச் சிவப்பு ஸ்கிரீனில் ஒன்றாகவும் பிரிண்டில் ஒன்றாகவும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். கிட்டத்தட்ட முழு எஸ்ஆர்ஜிபி காட்டும் வெளி மானிட்டர் ஒன்று வாங்கினால் போதும். நாளைக்கு லேப்டாப்பை மாற்றினாலும் அந்த மானிட்டர் உங்களிடமே இருக்கும்.

பிராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு: லேப்டாப்பில் இவற்றை மாற்ற முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இழுப்பது இந்த இரண்டில் ஒன்று என்றால், அப்கிரேட் பேச்சு அங்கேயே முடிந்தது.

உங்கள் வேலைக்கு எது முக்கியம்?

பேனர், போஸ்டர், ஆல்பம்: ஃபோட்டோஷாப்புக்கு அடோபி சொல்லும் குறைந்தபட்சம் 8 ஜிபி, பரிந்துரை 16 ஜிபி. 8-லிருந்து 16-க்குப் போனால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். இந்த வேலைக்குப் பழைய லேப்டாப்பை அப்கிரேட் செய்வதே பல சமயம் சரி.

யுஐ, ஆப் டிசைன்: ஃபிக்மா பிரவுசரில் ஓடுவது. ஒரு டேபில் திறக்கும் ஃபைலுக்கு 2 ஜிபி மெமரி என்ற வரம்பு அதிலேயே இருக்கிறது. ஒரு பெரிய ஃபைல் அந்த வரம்பை முட்டி நிற்கிறது என்றால், 16-ஐ 32 ஆக்கினாலும் பலன் இல்லை. ஃபைலைப் பிரிப்பதுதான் வழி.

வீடியோ, மோஷன் கிராஃபிக்ஸ்: ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்குக் குறைந்தபட்சம் 16 ஜிபி, பரிந்துரை 32 ஜிபி. ரேமோடு கிராஃபிக்ஸ் கார்டும் பிராசஸரும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். கல்யாண போட்டோவிலிருந்து வீடியோவுக்கு மாறுகிறவர்கள் பெரும்பாலும் புது லேப்டாப்பைத்தான் யோசிக்க வேண்டியிருக்கும்.

கேட் வரைபடம்: ஆட்டோகேடில் பல வேலைகள் பிராசஸரின் ஒரே ஒரு கோரைத்தான் பயன்படுத்துகின்றன. 2டி வரைபடத்தில் ரேம் போதுமான அளவு இருந்தால், மேலும் கூட்டுவதால் பெரிய பலன் இராது. சாலிட்வொர்க்ஸ் மேக்கில் நேரடியாக ஓடாது. எந்த கிராஃபிக்ஸ் கார்டு தகுதியானது என்ற பட்டியலை அந்த நிறுவனமே வெளியிடுகிறது. வாங்கும் முன் அதைப் பார்ப்பது அவசியம். ஸ்ரீசிட்டியில் வேலைக்குச் சேரும் பொறியாளர்கள் "மேக்புக் வாங்கிடலாமா" என்று கேட்பதற்கு முன்னால், நிறுவனம் எந்தச் சாஃப்ட்வேரில் வேலை செய்கிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

கவனிக்காமல் விடும் செலவு: எழுத்துரு

இரு மொழி வட்டாரத்தில் டிசைன் வேலை செய்பவர்களுக்கு இதுதான் பெரிய பொறி.

இங்குள்ள பல கடைகளில் தெலுங்குக்கு 'அனு' எழுத்துருக்கள், தமிழுக்கு யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருக்கள் என்று பல வருடங்களாக டெம்ப்ளேட் சேர்ந்திருக்கும். சில கடைகளில் 2001-இல் வந்த 7.0 பதிப்போடு நின்றுபோன பேஜ்மேக்கர் ஃபைல்கள்கூட இருக்கும். புது லேப்டாப்பில் இவை எல்லாம் அப்படியே திறக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

- பழைய டைப் 1 வகை எழுத்துருக்களுக்கான ஆதரவை அடோபி தன் சாஃப்ட்வேர்களில் 2023 ஜனவரியோடு முடித்துக்கொண்டது.
- ஸ்ரீலிபி போன்றவற்றுக்கு யுஎஸ்பி டாங்கிள் பூட்டு இருக்கலாம். ஸ்னாப்டிராகன் சிப் உள்ள விண்டோஸ் லேப்டாப்பில், அந்த சிப்புக்கென்றே எழுதிய டிரைவர் இல்லாவிட்டால் டாங்கிள் வேலை செய்யாது.
- விண்டோஸுக்கு மட்டும் எழுதிய பழைய எழுத்துரு மேனேஜர்கள் மேக்கில் ஓடாது.

ஆகவே பழைய லேப்டாப்பைக் கொடுப்பதற்கு முன், அதிகம் பயன்படும் பத்து டெம்ப்ளேட்டுகளைப் புதியதில் திறந்து பாருங்கள். திறக்காதவற்றைப் பழைய லேப்டாப்பிலேயே பிடிஎஃப் ஆகவும், எழுத்தை வெக்டர் கோடுகளாக மாற்றியும் சேமித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு வந்த பிறகு இது தெரியவந்தால், திரும்ப வாங்க வழியில்லை.

எக்ஸ்சேஞ்ச் லாபமா? ஒரு கணக்கு

கீழே உள்ள தொகைகள் கணக்கு புரிவதற்காக மட்டும். உங்கள் கடையில் சொல்லும் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

புது லேப்டாப் 90,000 ரூபாய். பழையதற்கு எக்ஸ்சேஞ்சில் 12,000. கையிலிருந்து போவது 78,000. நான்கு வருடம், அதாவது 48 மாதம் ஓடும் என்றால், மாதத்துக்கு 1,625 ரூபாய்.

பழையதில் ரேமும் எஸ்எஸ்டியும் போட 12,000 ரூபாய். அதன் பிறகு ஒன்றரை வருடம் ஓடினால் மாதத்துக்கு 667 ரூபாய், அப்கிரேட்தான் லாபம். ஆறு மாதத்தில் மறுபடி திணறினால் மாதத்துக்கு 2,000, புதுசே வாங்கியிருக்கலாம். இந்தக் கணக்கில் கோடு ஏழு மாதத்துக்கும் எட்டு மாதத்துக்கும் நடுவில் விழுகிறது. "இந்த அப்கிரேட் எனக்கு எட்டு மாதத்துக்கு மேல் தாங்குமா?" என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இதில் நேரத்தையும் சேர்க்க வேண்டும். ஒரு நாளைக்கு 40 நிமிடம் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால், 25 வேலை நாளில் கிட்டத்தட்ட 17 மணி நேரம். ஒரு மணி நேர வேலைக்கு 200 ரூபாய் என்று வைத்தாலும் 3,300 ரூபாய்க்கு மேல். அப்கிரேட் செய்தும் அந்தக் காத்திருப்பு குறையாது என்று சோதனையில் தெரிந்தால், 'செலவை மிச்சம் பிடிக்கிறேன்' என்று பழையதையே ஓட்டுவதுதான் அதிகச் செலவு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தனியாகத் தொழில் செய்பவருக்கு, சீசன் நடுவில் லேப்டாப் படுத்துவிட்டால் கைகொடுக்க இரண்டாவது ஒன்று வேண்டும். எக்ஸ்சேஞ்சில் கிடைக்கும் தொகை குறைவு என்றால், பழையதை ஸ்பேர் ஆக வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். அடோபியின் தனிநபர் சந்தாவை ஒரே சமயத்தில் இரண்டு கணினிகளில் ஆக்டிவேட் செய்து வைக்கலாம் என்பதும் இதற்கு உதவும்.

'நோ காஸ்ட் இஎம்ஐ' என்றாலும், கிரெடிட் கார்டில் வட்டிப் பகுதியின் மேல் 18 சதவிகித ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் வரலாம். கையெழுத்துப் போடும் முன் மொத்தத் தொகையைக் கேளுங்கள்.

எங்கே வாங்குவது? எப்போது மாற்றுவது?

சித்தூர், திருப்பதிக்காரர்களுக்குச் சென்னை ரிச்சி தெருவும் பெங்களூரு எஸ்.பி. ரோடும் ஒரு நாளில் போய்வரக்கூடிய தூரம்தான். உதிரிபாகங்கள் அங்கே அதிகம் கிடைக்கும். ஆனால் போட்ட ரேம் பத்து நாளில் தகராறு செய்தால் மறுபடி பஸ் ஏற வேண்டும். விலை வித்தியாசம் பயணச் செலவையும் ஒரு நாள் வேலையையும் தாண்டினால் மட்டுமே அது லாபம்.

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். லேப்டாப்புக்கு 18 சதவிகித ஜிஎஸ்டி. வரி உட்பட 90,000 ரூபாய் என்றால், அதில் வரி மட்டும் 13,700-க்கு மேல். இதை உள்ளீட்டு வரி வரவாகக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் பதிவு ஆந்திராவில் இருந்து, சென்னைக் கடையில் தமிழ்நாட்டின் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பில் போட்டுவிட்டால், அந்த வரவை ஆந்திரப் பதிவில் எடுக்க முடியாது. ஐஜிஎஸ்டி பில் வேண்டும். வாங்கும் முன்னே ஆடிட்டரையும் கடைக்காரரையும் கேட்டுவிடுங்கள்.

ஐடி நிறுவனங்கள் கழித்துவிட்ட பழைய லேப்டாப்புகளும் இரு நகரங்களிலும் கிடைக்கின்றன. அவற்றில் பிராசஸர் தலைமுறை, பயோஸ் பாஸ்வேர்டு, பேட்டரியின் மீதித் திறன் மூன்றையும் சோதிக்காமல் காசு கொடுக்காதீர்கள். மேக்புக் என்றால் பழைய உரிமையாளரின் ஆக்டிவேஷன் லாக்கும் நிறுவனப் பூட்டும் நீக்கப்பட்டிருக்க வேண்டும்.

வாரண்டி முடியாத லேப்டாப்பைத் திறப்பதற்கு முன், ரேம் மாற்றினால் வாரண்டி என்னாகும் என்று நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். பழுதுபார்ப்பு விவரங்களுக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் 'ரைட் டு ரிப்பேர்' இணையதளத்தைத் தொடங்கியது. உங்கள் பிராண்டு அதில் இருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

காலமும் முக்கியம். சீசன் நடுவில் லேப்டாப்பை மாற்றாதீர்கள். தமிழர்களுக்கு ஆடி, தெலுங்கர்களுக்கு ஆஷாடம்: இரண்டிலும் கல்யாண ஆர்டர் குறையும். 2026-இல் இரண்டுமே ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை கிட்டத்தட்ட ஒன்றாகவே வருகின்றன. விண்டோஸ் 10 அவகாசம் முடியும் அக்டோபருக்கு முன்னால் எழுத்துருக்களைச் சோதித்து, புதியதில் கைபழக அதுவே நல்ல இடைவெளி.

பழையதைக் கொடுக்கும் முன்

டிசைனரின் லேப்டாப்பில் இருப்பது அவருடைய சொந்தப் படம் மட்டும் அல்ல. ஊரார் வீட்டுக் கல்யாணப் படங்கள், விசிட்டிங் கார்டுக்கு வந்த போன் நம்பர்கள், ஜெராக்ஸுக்காக அனுப்பிய ஆதார் நகல்கள் எல்லாம் இருக்கும். டெலிட் கொடுத்தால் அவை அழிந்துவிடாது.

- வேலைகளை இரண்டு இடத்தில் பேக்கப் எடுத்து, திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள்.
- அடோபி, கோரல் போன்ற லைசென்ஸ்களை டீஆக்டிவேட் செய்யுங்கள்.
- விண்டோஸில் 'ரீசெட்' கொடுக்கும்போது எல்லாவற்றையும் நீக்கும் வழியையும், அதற்குள் டிரைவைச் சுத்தம் செய்யும் வசதியையும் தேர்ந்தெடுங்கள். மேக்கில் 'ஃபைண்ட் மை' வசதியை அணைத்து, முழுமையாக அழிக்கவும்.
- ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டிருந்தால், அந்தப் பழைய டிஸ்க்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.
- இனி ஓடவே ஓடாது என்றால், பழைய இரும்புக் கடையில் போடாமல், பதிவு பெற்ற இ-கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இ-கழிவு விதிகளில் லேப்டாப்பும் அடங்கும்.

சுருக்கமாக: எப்போது எது?

அப்கிரேட் செய்யலாம்: சோதனையில் ரேம் அல்லது டிஸ்க்தான் இழுக்கிறது என்று தெரிகிறது, ஸ்லாட் இருக்கிறது, விண்டோஸ் 11 ஏறும், வேலை பேனர், ஆல்பம், போஸ்டர் அளவில்தான் இருக்கிறது.

மாற்றலாம்: பிராசஸரோ கிராஃபிக்ஸ் கார்டோ இழுக்கிறது, ரேம் பற்றவைத்தது, விண்டோஸ் 11 ஏறாது, அல்லது வீடியோ, 3டி என்று வேலையே மாறிவிட்டது.

இரண்டும் வேண்டாம்: சூடு, நிரம்பிய டிஸ்க், தேவையில்லாத 300 டிபிஐ, மங்கலான திரை இவைதான் காரணம். ஒரு சர்வீஸோ, ஒரு மானிட்டரோ, பிரிண்டரிடம் கேட்கும் ஒரு கேள்வியோ போதும்.

அடுத்த முறை வட்டம் சுற்றும்போது கடைக்குப் போன் போடுவதற்கு முன்னால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். அந்த அரை மணி நேரத்துக்குச் செலவில்லை.